எந்தத் தொகுதியிலும் இல்லாத மூன்று தெருக்கள்

சென்ற மாதம் மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னின் நூலகத்தில் நடக்கும் எங்கள் மூத்தோர் கூட்டத்துக்கு ஒரு இளம்பெண் பேச வந்திருந்தாள். தேர்தல் தொகுதிகளின் எல்லையை இந்தக் காலத்தில் எப்படி வரைகிறார்கள் என்று திரையில் காட்டினாள். விரலால் கோட்டைத் தொட்டு இழுக்கிறாள். பக்கத்தில் வாக்காளர் எண்ணிக்கை தானாகவே ஏறுகிறது, இறங்குகிறது. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே வேலையை இருபத்தைந்து வருடம் பேனாவாலும் சவர பிளேடாலும் செய்தவள் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"பிள்ள, ரெண்டு தொகுதிக்கு நடுவுல ஓட்டை விழுந்துட்டா என்ன செய்வீங்க?"

"விழாது அன்ரி. சிஸ்டம் விடாது. சிவப்பாக் காட்டும், சேவ் பண்ணவே ஏலாது."

"நான் விழுத்தியிருக்கேன். மூனு தெரு."

அவள் சிரித்தாள். கூட்டமும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "உண்மையாவோ அன்ரி? அதை எழுதுங்கோவன்" என்றாள். எழுதுகிறேன்.

அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தொகுதிகள் இரண்டையும் மேற்குத் தொகுதி, கிழக்குத் தொகுதி என்றே வைத்துக்கொள்வோம்.

நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பத்தாம் வகுப்பு முடித்து, கொழும்பில் ஒரு தனியார் நில அளவையாளரிடம் படம் பார்த்து வரையும் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களைப் போன்ற தோட்டத் தமிழருக்குப் பிரஜாவுரிமை இல்லாததால் அரசாங்க வேலை கிடையாது. காணித் துண்டுகளை மெழுகுத் துணியில் மையால் வரைவதிலேயே ஒன்பது வருடம் ஓடியது. பிறகு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைக் கலியாணம் செய்தேன். அதில் இரண்டு பக்கத்திலும் முகம் சுளித்தவர்கள் உண்டு. அது வேறு கதை. எழுபதுகளின் நடுவில் இருவருமாக மெல்பேர்ன் வந்தோம். இவருக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எனக்கு அந்த எல்லை வரையும் அலுவலகத்திலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது.

தலைமைப் படவரைஞர் மிஸ்டர் ஹலோரன். மெலிந்த மனிதர், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, காதில் பென்சில். என் சான்றிதழ்களைத் தொடக்கூட இல்லை. மையால் ஏற்கெனவே வரைந்த ஒரு தாளையும் ஒரு பிளேடையும் என் முன்னால் வைத்தார்.

"வரையத் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. இந்தக் கோட்டை அழிச்சுக் காட்டுங்க."

பிளேடின் மூலையால் மெல்லச் சுரண்டி, மைத்தூளை ஊதி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினேன். அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு இருந்த இடம் தெரியவில்லை. "திங்கட்கிழமை வாங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்து இவரிடம் பெருமையாகச் சொன்னேன். இவர் குசினியில் அடுப்பருகே நின்றபடி, "அழிக்கிற வேலைக்குச் சம்பளம் குடுக்கிற நாட்டை இப்பதான் கேள்விப்படுறன்" என்றார்.

வேலை இதுதான். ஒவ்வொரு தொகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவு வாக்காளர்கள் இருக்க வேண்டும். புறநகர்கள் வளர வளரச் சில தொகுதிகள் வீங்கும், சில வற்றும். அப்போது எல்லைகளை மறுபடி வரைவார்கள். எது எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது மேலே இருக்கும் ஆணையாளர்கள். அவர்கள் தீர்மானித்ததை மயிரிழை பிசகாமல் தாளில் கொண்டு வருவது நாங்கள். ஒரு தொகுதிக்கு ஒரு தாள், அதற்கு ஒரு ஆள். ஆகவே இரண்டு தொகுதிக்குப் பொதுவான எல்லையை இரண்டு பேர் தனித்தனியாக வரைவார்கள். ஒருவர் மற்றவர் தாளைப் பார்க்கக் கூடாது.

இரண்டும் முடிந்ததும் வெளிச்ச மேசைக்குக் கொண்டுபோவோம். கண்ணாடிக்கு அடியில் குழாய் விளக்கு எரியும். தாளின் மேல் தாளை வைத்தால் இரண்டு கோடும் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒரு முடி அகலம் விலகினாலும் ஹலோரன் "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்கு முதலிலிருந்து வரைய வேண்டும் என்று அர்த்தம். சரியாக இருந்தால், வரைந்த இருவரும் இரண்டு தாளின் ஓரத்திலும் பென்சிலால் கையெழுத்துப் போடுவோம். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகு ஒரு புள்ளியை மாற்றுவதானாலும் இரண்டு ஆளும், இரண்டு தாளும், ஹலோரனும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். வேறு எந்தச் சட்டத்தை மீறினாலும் அவர் பொறுப்பார். இதை மீறினால் பொறுக்க மாட்டார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாளில் உள்ளங்கை படக் கூடாதென்று மடித்த கைக்குட்டையைக் கையின் கீழ் வைத்தே எதையும் தொடுவார். வரைபட மேசைகளிலிருந்து ஆறடி தள்ளித் தரையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்திருந்தார். தேநீர்க் கோப்பை அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஒருமுறை மேலிடத்துப் பெரிய மனிதர் ஒருவர் கோப்பையும் கையுமாக உள்ளே வந்தார். ஹலோரன் எழுந்து வணக்கம் சொல்லி, கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்னொரு பழக்கம் எரிச்சலூட்டும். நாம் ஒரு வளைவைச் சிரமப்பட்டு வரைந்து நிமிரும்போது பின்னால் நின்று, கோட்டைப் பார்க்காமல், "எத்தனை பேர்?" என்று கேட்பார். அந்த வளைவுக்கு இந்தப் பக்கம் எத்தனை வாக்காளர், அந்தப் பக்கம் எத்தனை என்று சொல்ல வேண்டும். தெரியாது என்றால் பட்டியலை எடுத்து எண்ணச் சொல்வார். எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றியது. நான் வரைகிறவள், ஆள் எண்ணுகிறவள் அல்ல என்று மனதுக்குள் முணுமுணுப்பேன்.

எனக்கு ஆள் எண்ணுவதில் வெறுப்பு வர வேறு காரணமும் இருந்தது. என் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் ஒருமுறை ஓட்டுப் போட்டவர். சுதந்திரம் வந்தது, சட்டம் வந்தது, தோட்டத்து ஆட்களின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். எல்லாரும் சொல்லியும் அப்பா நம்பவில்லை. அடுத்த தேர்தலன்று கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒன்பது வயதான என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். மேசையில் இருந்தவன் கோடு போடும் அடிமட்டத்தை இடாப்பில் வைத்து மேலிருந்து கீழே இறக்கினான்.

"பேரு இல்ல."

"போன தடவ இருந்துச்சுங்க. இன்னொருவாட்டி பாருங்க."

"இல்லன்னா இல்ல. தள்ளி நில்லு."

அப்பாவுக்கு அடுத்து வரிசையில் நின்றவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். அப்பாவை இருபது வருடமாகத் தெரிந்தவர். அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் வந்து, தன் ஓட்டைப் போட்டுவிட்டுப் போனார். அப்பா வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தவர், சாகும்வரை அதைப் போடவில்லை.

அதனால் நானும் ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். குடியுரிமைக் காகிதம் கையில் வராமல் எந்தப் பட்டியலிலும் பெயர் கொடுக்க மாட்டேன். பிரிட்டிஷ் பொதுநலவாய நாட்டவர்கள் குடியுரிமை இல்லாமலே பதியலாம் என்று அப்போது விதி இருந்ததால் இவர் மட்டும் முன்பே பதிந்துகொண்டார். எங்கள் தொகுதிகளின் மறுவரைவு நடந்த அதே குளிர்காலத்தில் என் விண்ணப்பம் சரிவந்தது. சனிக்கிழமை நகர மண்டபத்தில் வைபவம்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

டாண்டினோங் பக்கம் நாங்கள் வாங்கிய வீடு ஒரு ஓடையருகில் இருந்தது. சில வருடங்களுக்கு முன் வெள்ளத் தடுப்புக்காக அந்த ஓடையைத் திருப்பி, நேரான கொங்கிரீட் வாய்க்காலாக்கியிருந்தார்கள். பழைய ஓடை எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஓடியது. அதை மண் போட்டு மூடிப் புல் வளர்த்துவிட்டார்கள். புதிய வாய்க்கால் எங்கள் வீட்டுக்கு மேற்கே ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் மூன்று சிறிய தெருக்கள். அதில் ஒன்று எங்களுடையது. தினமும் காலையில் வாய்க்காலின் மேலுள்ள நடைபாலத்தைக் கடந்துதான் ரயிலுக்குப் போவேன்.

மேற்குத் தொகுதியின் தாள் என்னுடையது. கிழக்குத் தொகுதியின் தாள் புரூஸ் என்ற நல்ல பையனுடையது. அந்த ஓடைதான் இரண்டுக்கும் எல்லை. எங்களுக்குக் கொடுத்த அடிப்படைப் படம் பழையது. தெருக்களைப் புதிதாகச் சேர்த்தவர்கள் ஓடையை மட்டும் நகர்த்தவில்லை. பழைய ஓடையின் வழியே இருவரும் வரைந்தோம். வெளிச்ச மேசையில் கோடுகள் பொருந்தின. கையெழுத்தும் போட்டோம். மூன்று தெருவும் மேற்குத் தொகுதிக்குள் இருந்தன.

வெள்ளிக்கிழமை பிற்பகல். திங்கட்கிழமை காலை தாள்கள் அச்சுக்குப் போக வேண்டும். ஹலோரன் ஆணையாளர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். புரூஸ் தாளை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியிருந்தான். அது இரும்பு அலமாரிக்குள் பூட்டப்பட்டுவிட்டது. நான் என் தாளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் ஓடை என்று வரைந்திருந்த இடத்தில் ஓடையே இல்லை. அங்கே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

பிழையான படம் என் கையெழுத்தோடு அச்சாவதா என்று எனக்குத் தாங்கவில்லை. பிளேடை எடுத்தேன். ஒரு சாண் நீளக் கோட்டைச் சுரண்டி, நகத்தால் தேய்த்து, தண்ணீர் உண்மையில் ஓடும் இடத்தில் புதிய கோடு போட்டேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் கிழக்குத் தொகுதிக்குப் போய்விட்டோம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்ட தாளைத் தொட்டுவிட்டோம் என்பது தெரியாமலில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாகச் சொல்லிவிடலாம், புரூஸும் தன் தாளை மாற்றிக்கொள்வான் என்று நினைத்தேன். சரியானதைத்தானே செய்திருக்கிறேன் என்ற திமிர் அது. வேறொன்றுமில்லை.

மறுநாள் வைபவத்தில் சத்தியம் செய்தேன். ஒரு சின்ன மரக்கன்று கொடுத்தார்கள். மேயர் என் பெயரை உச்சரிக்கப் பட்ட பாட்டைப் பார்த்து இவர் விழுந்து விழுந்து சிரித்தார். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனால் என் கதிரையின் சாய்மானத்தில் ஒரு கொடி, மேசையில் கேக். புரூஸ்தான் வாங்கி வந்திருந்தான். எல்லாரும் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கேக் சாப்பிட்டோம். தாள்கள் காலை எட்டு மணிக்கே அச்சுக்குப் போயிருந்தன. நான் சுத்தமாக மறந்துபோனேன். குடியுரிமை கிடைத்த சந்தோஷத்தில் மறந்தேன் என்று எழுதும்போதே எனக்கு என்னை அறைய வேண்டும்போல் இருக்கிறது.

டிசம்பர் மாதம் தேர்தல் வந்தது. சனிக்கிழமை, நல்ல வெயில். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமுள்ள ஆரம்பப் பள்ளியில் வாக்களிப்பு. வாசலில் பெற்றோர் சங்கத்தார் கேக்கும் எலுமிச்சம் சாறும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் பட்டுச் சேலை உடுத்திப் போனேன். என் முதல் ஓட்டு. முப்பத்துநாலு வயதில்.

மேசையில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். சொன்னேன். கடைசிப் பக்கங்களுக்குப் புரட்டி, அடிமட்டத்தை வைத்து மேலிருந்து கீழே இறக்கினாள். மறுபடி மேலே கொண்டுபோய் மறுபடி இறக்கினாள்.

"மன்னிக்க வேணும். இந்தப் பெயர் இல்லை."

ஒரு நொடி நான் மெல்பேர்னில் இல்லை.

"வடிவாப் பாக்கச் சொல்லும்" என்றார் இவர். பிறகு தானே இங்கிலிஷில் தன் பெயரைச் சொன்னார். போன தேர்தலில் ஓட்டுப் போட்ட மனிதர். அவர் பெயரும் இல்லை.

இவர் என் பக்கம் திரும்பினார். "என்னப்பா இது? பேர் பதிஞ்ச காட் வீட்டை கிடக்குத்தானே?"

"எங்களுடையதும் இல்லையாம்" என்று பின்னாலிருந்து ஒரு இத்தாலியப் பெண் சொன்னாள். எங்கள் தெருக் கோடி வீட்டுக்காரி மரியா. அடுத்த தெருவிலிருந்து இன்னும் இரண்டு குடும்பம் ஒரு ஓரமாக நின்றது. நான் அவர்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தேன். மூன்று தெரு. மூன்றே தெரு. வாய்க்காலுக்கும் புல்தரைக்கும் நடுவில் இருப்பவர்கள் மட்டும். புரூஸின் தாளில் ஓடை இன்னும் பழைய இடத்தில் இருக்கிறது. என் தாளில் புதிய இடத்தில் இருக்கிறது. என் படத்தைப் பார்த்து மேற்குத் தொகுதியார் எங்களை வெளியே எடுத்திருப்பார்கள். அவன் படத்தைப் பார்த்துக் கிழக்குத் தொகுதியார் உள்ளே சேர்த்திருக்க மாட்டார்கள். என் அப்பாவின் பெயரை எடுக்க ஒரு அரசாங்கமே சட்டம் போட வேண்டியிருந்தது. இங்கே நான் ஒருத்தியே ஒரு பிளேடால் செய்து முடித்திருந்தேன்.

மேசைக்காரி நல்லவள். பதறிப்போய் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் பழுப்பு உறைகளைக் கொண்டு வந்தார். ஓட்டை உறைக்குள் போட்டு ஒட்டி, மேலே பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிழை அலுவலகத்துடையது என்று தெரிந்தால் பின்னர் பிரித்து எண்ணுவார்கள்.

எங்களுக்கு அடுத்து நின்றவர் ஜாக். பக்கத்து வீட்டுக்காரர், பழைய சிப்பாய், மனைவி இல்லாத மனிதர். நாங்கள் குடிவந்த வாரமே புல்வெட்டும் இயந்திரத்தை இரவல் தந்து, வேலிக்கு மேலால் எலுமிச்சம்பழம் தந்தவர். அடிமட்டம் அவர் பெயரையும் தேடி இறங்கி, வெறுமனே நின்றது.

"உறை ஒன்று தருகிறோம் ஐயா" என்றார் அதிகாரி.

"இருபத்தொரு வயசிலேர்ந்து ஒரு தேர்தல் விட்டதில்லை. அந்தப் புத்தகத்துல என் பேர் இருக்கா, இல்லையா?"

"இப்போதைக்கு இல்லை. ஆனால் உறை..."

"நான் கடிதம் போட வரலை. ஓட்டுப் போட வந்தேன்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் கோட்டுப் போட்டிருந்தார். அந்த வெயிலிலும்.

நான் உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டு, சேலையோடேயே ரயிலேறி அலுவலகத்துக்குப் போனேன். தேர்தல் நாளில் ஹலோரன் தொலைபேசிக்காக அங்கே இருப்பார் என்று தெரியும். வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, பிளேடு, கேக், எல்லாம்.

அவர் எழுந்தார். அச்சிலிருந்து திரும்பியிருந்த என் தாளை அலமாரியிலிருந்து எடுக்கப் போனார். கையில் தேநீர்க் கோப்பையோடு வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போனார். அது அவருக்குத் தெரியவேயில்லை. கோப்பையை வரைபட மேசையின் மேல் வைத்தார்.

தாளை வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை. மேசையில் விரித்து, கைக்குட்டை இல்லாமல் வெறும் விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே போனார். பழைய ஓடை இருந்த இடத்தில் விரல் நின்றது.

"ரொம்ப நல்லா அழிச்சிருக்கீங்க" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அது இதைவிட லேசாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டார், "எத்தனை பேர்?"

எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணியதேயில்லை.

அவர் பழைய இடாப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். மூன்று தெருவின் பெயர்களையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மரியாவின் பெயர், அவள் மாமியாரின் பெயர், இவர் பெயர், ஜாக்கின் பெயர். அதற்குப் பிறகு பதிந்தவர்களின் பட்டியலில் என் பெயர். நூற்றுப் பதினேழு பேர்.

அவர் தொலைபேசியை எடுத்தார். மேற்குத் தொகுதியார் அனுப்பிவிட்ட மூன்று தெருவின் பதிவு அட்டைகள் கிழக்குத் தொகுதி அலுவலகத்தில் ஒரு இழுப்பறைக்குள் கட்டோடு கிடப்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது. தங்களுடையவை அல்லவே, விசாரித்துத் திருப்பி அனுப்புவோம் என்று எடுத்து வைத்தவர் தேர்தல் அவசரத்தில் மறந்துவிட்டாராம். ஆணையாளர்கள் ஒப்புக்கொண்ட எல்லை பழைய ஓடையே. ஆகவே மூன்று தெருவும் மேற்குத் தொகுதிதான். உறைகளைப் பிரித்து எண்ணலாம் என்று முடிவானது.

ஹலோரன் எனக்கு ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் கீழே அவரும் கையெழுத்திட்டார். அவர் ஏன் போட வேண்டும் என்று கேட்டேன். "அழிக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடி எடுத்தது நான்" என்றார். பிறகு என் மேசைக்குப் போய் என் பிளேடை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வருடம் அது திரும்பி வரவில்லை. பிழை விட்டால் முழுத் தாளையும் முதலிலிருந்து வரைந்தேன். பதவி உயர்வும் தள்ளிப்போனது. அதைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை.

மூன்று தெருவிலிருந்து வந்த உறைகள் எழுபத்திரண்டு. என் உறையும் பிரிக்கப்பட்டது. மேற்குத் தொகுதியில் வென்றவர் பெரிய வித்தியாசத்தில் வென்றிருந்தார். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்று சொல்லி எனக்கு ஆறுதல் சொன்னவர்கள்மீதுதான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. மீதி நாற்பத்தைந்து பேரை யார் எண்ணுவது?

இந்த நாட்டில் ஓட்டுப் போடாவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்; காரணம் சரியில்லையென்றால் அபராதம். ஜாக் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தார். வந்தால் நீதிமன்றத்துக்குப் போய் நான்கு வார்த்தை கேட்பதாகத் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலை நான் உடுப்புக் காயப்போடும்போது வேலிக்கு அருகில் வந்தார்.

"நீ அந்தத் தேர்தல் வேலையிலதானே இருக்கே? வேற தெருக்காரனுக்கெல்லாம் அபராதக் கடிதம் வந்திருக்கு. எனக்கு ஏன் வரலை?"

எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். "புத்தகத்துல பேர் இருந்தவங்களுக்குத்தான் அனுப்புவாங்க, ஜாக்" என்றேன்.

அவர் "அப்போ அபராதம் போடக்கூட நான் இல்லை" என்றார்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. நான்தான் செய்தேன் என்று சொன்னேன். கையில் ஈரச் சட்டையோடு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"எங்கிருந்தோ வந்து, என் பேரைச் சுரண்டி எடுத்திட்டியா நீ?"

அந்தப் பேச்சின் முதல் பாதிக்கு வேறு யாராக இருந்தாலும் நல்லாக் கொடுத்திருப்பேன். இரண்டாம் பாதி உண்மையாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. அவர் உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து எலுமிச்சம்பழம் நின்றது. பெயர்கள் எல்லாம் இடாப்பில் திரும்பச் சேர்க்கப்பட்டு, மன்னிப்புக் கடிதமும் வீடு வீடாகப் போயிருந்தது. இருந்தும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "விடும், கிழவன் ஆறுவார்" என்றார் இவர். வருடங்கள் போயின, ஆறவில்லை.

அடுத்த தேர்தல் வந்தபோது எனக்குப் போகவே பயமாக இருந்தது. பெயர் இருக்கிறது என்று அலுவலகத்திலேயே மூன்று தடவை பார்த்துவிட்டேன். அப்படியும் இரவு முழுக்கத் தூக்கமில்லை. அதே பள்ளி, அதே மண்டபம். வரிசையில் எனக்கு முன்னால் ஜாக் நின்றார். அதே கோட்டு. என்னைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மேசையில் ஒரு இளைஞன். ஜாக் பெயரைச் சொன்னார். அடிமட்டம் இறங்கியது, நின்றது. பையன் கோடு போட்டுவிட்டு ஓட்டுச் சீட்டை நீட்டினான். ஜாக் வாங்கிக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"அங்கே போகலாம் ஐயா" என்றான் பையன்.

ஜாக் திரும்பாமலே கட்டைவிரலைப் பின்னால் என் பக்கம் காட்டினார். "அவங்க பேரையும் பாரு. இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

பையன் குழம்பிப்போய் என்னைப் பார்த்தான். பெயரைச் சொன்னேன். கடைசிப் பக்கங்களுக்குப் புரட்டினான். அடிமட்டம் மேலிருந்து இறங்கத் தொடங்கியது. ஜாக் சுவரைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அந்த அடிமட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கு" என்றான் பையன்.

"சரி" என்றார் ஜாக். தன் சீட்டோடு மறைப்புக்குள் போய்விட்டார்.

பையன் தந்த சீட்டில் எனக்கு எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அப்பாவுக்கு அடுத்து நின்ற கிளாக்கர் அன்று இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நினைத்தபடி நின்றேன். பின்னாலிருந்து இவர் முழங்கையால் மெல்லத் தட்டினார்.

"என்ன, அழுறீரோ? ஆக்கள் நிக்கினம், போய்ப் போட்டுட்டு வாரும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் போட்டேன்.